ஐந்து விநாடி தேசம்

கால்பந்தாட்டக்காரர் யாரைப் பற்றிய குறிப்பை எடுத்தாலும் அதில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். முதலாவது நீளமானது: எந்தெந்தக் கிளப், எத்தனை பருவம், எத்தனை ஆட்டம், எத்தனை கோல். இரண்டாவது பெரும்பாலும் ஒரே வரி. நாட்டின் பெயரும் அதற்கெதிரே ஓர் எண்ணும். பலருக்கு அந்த வரியே இருக்காது. சிலருக்கு அந்த எண் நூறைத் தாண்டும். இரண்டுக்கும் நடுவில், 1 என்றோ 2 என்றோ 6 என்றோ எழுதப்பட்டு அத்தோடு நின்றுபோன வரிகள் ஐரோப்பியக் கால்பந்தின் பதிவேடுகளில் ஏராளம்.

அவற்றுள் மிகச் சிறியது எதுவென்று தேடிப் போனால் ஃப்ராங்க் ஜூரியெத்தியிடம் வந்து நிற்போம். போர்தோ கிளப்பின் தடுப்பாட்டக்காரர். 2005 அக்டோபர் 12 அன்று உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் பிரான்ஸ் சைப்ரஸை 4–0 என்று வென்றுகொண்டிருந்தது. 90 நிமிடம் முடிந்து, சேர்த்துக் கொடுத்த நேரமும் தீரும் தறுவாயில், பயிற்சியாளர் ரேமோன் டொமெனெக் 30 வயது ஜூரியெத்தியைக் களத்தில் இறக்கினார். ஏறத்தாழ ஐந்து விநாடி. நடுவர் இறுதி விசிலை ஊதிவிட்டார். பிறகு பிரான்ஸ் அவரை ஒருமுறைகூட ஆடவைக்கவில்லை. பந்தியில் உட்காரவைத்து, இலை போடும் முன்பே எழுப்பிவிட்டதைப் போன்ற காரியம். ஆனாலும் அவர் பெயருக்கெதிரே 1 என்று இருக்கிறது. ஸிதானின் 108 இருப்பதும் அதே பதிவேட்டில்தான்.

இங்கிலாந்துக்கு ஒரு மார்ட்டின் கெல்லி. 2012 மே 26, ஆஸ்லோவில் நார்வேக்கு எதிரான நட்புமுறை ஆட்டம். லிவர்பூலின் 22 வயதுத் தடுப்பாட்டக்காரரான அவர் 88-ஆம் நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். சில நாட்களில் கேரி கேஹிலின் தாடை எலும்பு முறிய, 81 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய ரியோ ஃபெர்டினண்ட் வெளியே இருக்கும்போது, ஐரோப்பியக் கோப்பை அணிக்குக் கெல்லியை அழைத்தார்கள். நாடே அதைப் பற்றிச் சண்டை போட்டது. சண்டைக்குக் காரணமானவரோ அந்தத் தொடரில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அதன் பின்னும் ஆடவில்லை. அவருடைய சர்வதேச வாழ்க்கை அந்த இரண்டு நிமிடச் சொச்சம்தான்.

இக்கதைகளைச் சிரித்தபடி சொல்கிறோம். சொல்லி முடித்ததும் 'பாவம்' என்கிறோம். அந்தப் 'பாவ'த்தோடுதான் எனக்கு வழக்கு. தேசிய அணியின் சட்டைதான் கடைசி அளவுகோல், அந்த அளவுக்கு இந்த மனிதர் எட்டவில்லை என்று நாமே ஒப்புக்கொண்ட பிறகுதான் இரக்கப்பட முடியும். அந்த அளவுகோலைப் பிடித்திருந்த கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

*

கிளப்பில் ஆடுவது வேலை. ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, முதலாளி சரியில்லை என்றால் வேறு ஊருக்குப் போகலாம். தேசிய அணிக்கு விண்ணப்பம் போட வழியில்லை. அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். வராமல் போனால் ஏன் வரவில்லை என்று கேட்டு முறையிட எந்த மன்றமும் கிடையாது. ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கையில் மிக உயர்ந்ததாகச் சொல்லப்படும் பகுதி, முழுக்க முழுக்க இன்னொருவர் கையில் இருக்கிறது.

அந்த இன்னொருவர் யார்? இங்கிலாந்தில் நெடுங்காலம் அது ஒரு குழு. கால்பந்துச் சங்கத்தின் தேர்வுக்குழு என்ற பெயரில், கிளப்புகளை நடத்திய கனவான்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1950 உலகக் கோப்பையில் அந்தப் பொறுப்பு ஒரே ஆளிடம் இருந்தது: கிரிம்ஸ்பி ஊரில் மீன் தொழில் நடத்திய ஆர்தர் ட்ரூரி. பெலோ ஹொரிசோன்டேயில் அமெரிக்காவிடம் இங்கிலாந்து 0–1 என்று தோற்ற அன்று, ஸ்டான்லி மேத்யூஸ் வெளியே உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில், 38 வயதான லெஸ்லி காம்ப்டனை முதல்முறையாக நாட்டுக்கு ஆட அழைத்தார்கள். மிடில்செக்ஸ் கிரிக்கெட் அணியின் விக்கெட்கீப்பரும் அவர்தான். இரண்டு ஆட்டங்களோடு அவர் கணக்கும் முடிந்தது. வால்டர் வின்டர்பாட்டம் 1946 முதல் 1962 வரை இங்கிலாந்தின் மேலாளர். ஆனால் 11 பேர் கொண்ட பட்டியல் அவருடையது அல்ல. அணியைத் தானே தேர்ந்தெடுப்பேன் என்று நிபந்தனை போட்டு அதை வாங்கியவர் 1963-இல் வந்த ஆல்ஃப் ராம்சே. மூன்று ஆண்டுகளில் உலகக் கோப்பையும் வந்தது.

இந்தக் குழுவின் காலத்தில்தான் பிரையன் கிளஃப் ஆடினார். பின்னாளில் உலகம் அறிந்தது மேலாளர் கிளஃபை. டெர்பி கவுன்டியை 1972-இலும், நாட்டிங்கம் ஃபாரஸ்ட்டை 1978-இலும் லீக் வாகையராக்கியவர். 1979, 1980 என கிளப்புகளுக்கான இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை அடுத்தடுத்து வென்றவர். ஆட்டக்காரர் கிளஃபின் எண்களைப் பார்த்தால் இன்னும் மலைப்பாக இருக்கும். மிடில்ஸ்பரோவுக்கு 213 லீக் ஆட்டங்களில் 197 கோல். சந்தர்லாந்துக்கு 61-இல் 54. கூட்டினால் 274 ஆட்டங்களில் 251.

இங்கிலாந்துக்கு எத்தனை? இரண்டு ஆட்டம், கோல் இல்லை. 1959 அக்டோபர் 17 அன்று கார்டிஃபில் வேல்ஸுடன் 1–1. பதினொரு நாள் கழித்து வெம்ப்ளியில் சுவீடனிடம் 2–3 தோல்வி. அவ்வளவுதான், கதவு சாத்தப்பட்டது.

கிளஃப் குவித்ததெல்லாம் இரண்டாம் டிவிஷன் கோல்கள் என்பது அவருக்கு எதிராக அன்று சொல்லப்பட்ட நியாயம். அதை முற்றிலும் தள்ள முடியாது. அந்த இரண்டு ஆட்டங்களிலும் அவர் பக்கத்தில் ஜிம்மி கிரீவ்ஸும் பாபி சார்ல்டனும் ஆடினார்கள். கோலை நோக்கியே யோசிக்கிற மூவரை ஒரே முன்வரிசையில் நிறுத்தினால் பந்து கொடுப்பது யார் என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் அந்த வரிசையை அமைத்தது கிளஃப் அல்ல. தாங்கள் பிழையாகக் கோத்த மாலையைக் குழு கலைத்தது; கலைத்ததற்கான தண்டனை ஒரு பூவுக்கு.

1962-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சந்தர்லாந்தின் ரோக்கர் பார்க்கில், பரி அணியின் கோல்கீப்பரோடு மோதி கிளஃபின் முழங்கால் சிதைந்தது. ஆட்டக்காரராக அவர் முடிந்துபோனார். 1977-இல் இங்கிலாந்தின் மேலாளர் பதவிக்கு நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டார். ரான் கிரீன்வுட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். மைதானத்தில் ஒருமுறை, மேசைக்கு எதிரே ஒருமுறை என்று ஒரே ஆளை இரண்டு முறை திருப்பி அனுப்பியது ஒரே நிறுவனம். கிளஃப் எவ்வளவு முரடர், எவ்வளவு வாய்த்துடுக்கு உள்ளவர் என்பதற்குக் கதைகள் உண்டு; எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். 251 என்ற எண்ணுக்கு அருகில் 2 என்ற எண்ணை வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது, தனக்கு அடங்காத திறமையைக் கண்டு பதறும் ஓர் அலுவலகத்தின் முகம்.

*

எண்ணுக்கு வேறு பலவீனங்களும் உண்டு. அது காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இன்று ஒரு தேசிய அணி ஆண்டுக்குப் பத்து ஆட்டம் சாதாரணமாக ஆடுகிறது. மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்தாறு பேர் வந்து போகிறார்கள். ஜூரியெத்தியின் 1 பிறந்தது இந்த வழியில்தான். போருக்கு முன்னும் பின்னும் அப்படி இல்லை. டோரினோ அணியின் தலைவர் வலென்தீனோ மத்சோலாவை இத்தாலியின் எக்காலத்துக்குமான ஆட்டக்காரர்களில் ஒருவராக அந்நாட்டினர் சொல்வார்கள். இத்தாலிக்காக அவர் ஆடியது 12 ஆட்டம். அவருடைய நல்ல வயதில் உலகப் போர் நடந்தது. 1942-இலும் 1946-இலும் உலகக் கோப்பையே இல்லை. 1947 மே மாதம் ஹங்கேரிக்கு எதிராக இறங்கிய இத்தாலிய அணியின் 11 பேரில் 10 பேர் டோரினோக்காரர்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1949 மே 4 அன்று, லிஸ்பனிலிருந்து திரும்பிய அவர்களின் விமானம் டூரின் அருகே சுபெர்கா குன்றின் தேவாலயச் சுவரில் மோதியது. 31 பேர் இறந்தார்கள். மத்சோலாவின் எண் 12-இல் நின்றது.

1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் ஓடுபாதையில் நொறுங்கிய விமானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் டேவிட் பெக் இறந்தார். வயது 22. முந்தைய மே மாதம் டப்ளினில் இங்கிலாந்துக்காக அயர்லாந்துக்கு எதிராக ஆடிய ஒற்றை ஆட்டம் மட்டுமே அவர் பெயரில் இருக்கிறது. இதே '1'-ஐ ஜூரியெத்தியின் '1'-க்குப் பக்கத்தில் எழுத ஒரே மை போதும். ஆனால் ஜூரியெத்தியுடையது முடிந்த கதை, பெக்குடையது தொடங்கிய கதை.

எண்ணுக்குப் பூகோளமும் தெரியாது. 2001–02 பருவத்தில் இத்தாலிய முதல் லீக்கில் அதிகக் கோல் அடித்தவர்கள் இருவர், ஆளுக்கு 24. ஒருவர் யுவென்டஸின் டாவிட் ட்ரெஸெகே. மற்றவர் பியாச்சென்சா என்ற சிறிய கிளப்பின் டாரியோ ஹூப்னர்; 35 வயது, சிகரெட் பழக்கத்துக்குப் பேர்போனவர். அந்தக் கோடையில் உலகக் கோப்பைக்குப் போன இத்தாலிய அணியில் வியேரி, இன்சாகி, டெல் பியேரோ, டொட்டி, மொன்டெல்லா எல்லோரும் இருந்தார்கள். ஹூப்னர் இத்தாலிக்காக ஒருமுறைகூட ஆடியதில்லை. அதே இத்தாலியால் நாற்புறமும் சூழப்பட்ட குட்டி நாடு சான் மரீனோ. அதன் ஆண்டி செல்வா 70-க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள் ஆடினார். அடித்தவை 8 கோல். அதுவே அந்நாட்டின் சாதனை. 2004-இல் லீக்டென்ஸ்டைனை வீழ்த்தி சான் மரீனோ தன் முதல் வெற்றியைப் பெற்றபோது அந்த ஒற்றைக் கோலும் அவருடையதே. செல்வாவின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே 0-க்கும் 70-க்கும் இடையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

*

இதுவரை சொன்னவை இழப்பின் கதைகள். குறுகியது என்றாலே குறைபட்டது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கோடைகாலங்களைப் பேச வேண்டும்.

1990 கோடையில் நள்ளிரவு கடந்து தூர்தர்ஷன் முன்னால் விழித்திருந்த நம் தலைமுறைக்கு அந்தக் கண்களை மறக்க முடியாது. பலெர்மோவின் ஏழைப் பகுதியில் வளர்ந்த சால்வதோரே ஸ்கில்லாச்சி, அதற்கு முந்தைய ஆண்டுவரை மெஸ்ஸினாவுக்காக இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தவர். யுவென்டஸ் வாங்கியது. உலகக் கோப்பை தொடங்கியபோது அவர் இத்தாலிக்கு ஆடியிருந்தது ஒரே ஓர் ஆட்டம். ஆஸ்திரியாவுக்கு எதிராக 75-ஆம் நிமிடத்தில் மாற்றாக வந்தார். சில நிமிடங்களில் வியல்லி அடித்த பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் போட்டார். பிறகு செக்கோஸ்லோவாக்கியா, உருகுவே, அயர்லாந்து, அர்ஜென்டினா, இங்கிலாந்து என்று அவர் கோல் போடாத நாடு குறைவு. மொத்தம் 6. தொடரின் அதிகக் கோலுக்கான விருதும் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. இத்தாலி அரையிறுதியில் பெனால்டியில் வீழ்ந்தது; அவர் வீழவில்லை.

அதன் பின் இத்தாலிக்காக அவர் அடித்தது ஒரே ஒரு கோல், 1991-இல் நார்வேக்கு எதிராக. 16 ஆட்டம், 7 கோல், முடிந்தது. இன்டர் மிலானுக்குப் போய், பிறகு ஜப்பானின் ஜுபிலோ இவாட்டாவுக்கு ஆடி, பலெர்மோவுக்குத் திரும்பி, 2024 செப்டம்பரில் 59 வயதில் இறந்தார்.

1990-க்கு நான்கு ஆண்டு கழித்து அமெரிக்காவில் ரஷ்யாவின் ஒலெக் சலென்கோ. 1994 ஜூன் 28 அன்று ஸ்டான்ஃபோர்டு அரங்கில் கேமரூனுக்கு எதிராக ஐந்து கோல். ஆடவர் உலகக் கோப்பையின் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்த வேறு எவரும் இல்லை. முந்தைய ஆட்டத்தில் சுவீடனுக்கு எதிராக அடித்த பெனால்டியும் சேர்ந்து ஆறு. பல்கேரியாவின் ஸ்டொய்ச்கோவோடு தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்டார். ரஷ்யா முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. பயிற்சியாளர் மாறினார். சலென்கோவுக்கு வயது 24. கேமரூனுக்கு எதிரான அந்த ஆட்டமே அவர் ரஷ்யாவுக்கு ஆடிய கடைசி ஆட்டம். மொத்தம் 8 ஆட்டம், 6 கோல். ஆறும் அந்த ஒரே மாதத்தில். அதற்கு முன்பு, சோவியத் உடைந்த கையோடு, உக்ரைனுக்காகவும் ஒருமுறை ஆடியிருக்கிறார் என்பது அந்தக் காலத்தின் குழப்பத்துக்குச் சாட்சி.

இவர்களை 'முழுமையடையாதவர்கள்' என்று எழுதுவோர் உண்டு. ஸ்கில்லாச்சி இன்னும் 50 ஆட்டம் ஆடியிருந்தால் அந்தக் கோடையோடு எதைச் சேர்த்திருப்பார்? சலென்கோவின் ஐந்துக்கு மேல் எது தேவை? நூறு ஆட்டம் ஆடியவர்களில் எத்தனை பேரின் ஒரு மாலை நமக்கு நினைவிருக்கிறது? ஒரே ஒரு பாட்டு பாடிப் பெயர் நின்ற புலவர்களைச் சங்கத் தொகைகளில் ஏற்றுக்கொண்டவர்கள் நாம். அவர்களை யாரும் பாதிப் புலவர்கள் என்று சொன்னதில்லை.

*

அழைப்பு வந்தபோது அதுவே சுமையான கதைகளும் உண்டு. பார்சிலோனாவின் போயான் கிர்கிச் 17 வயதில் ஸ்பெயின் அணிக்கு அழைக்கப்பட்டார். 2008 பிப்ரவரியில் பிரான்ஸுக்கு எதிரான ஆட்டத்தன்று பதற்றம் அவரைத் தாக்கியது. வெளியே சொல்லப்பட்ட காரணம் வயிற்றுக்கோளாறு. அந்தக் கோடையின் ஐரோப்பியக் கோப்பை அணியில் இடம் தருவதாகச் சொன்னபோது மறுத்தார். ஸ்பெயின் கோப்பையை வென்றது. செப்டம்பரில் ஆர்மீனியாவுக்கு எதிராக ஆடியது அவருடைய ஒரே ஆட்டம். உண்மைக் காரணத்தை அவர் வெளிப்படையாகப் பேசும்போது பத்து ஆண்டுகள் ஓடியிருந்தன. களைத்துப்போய் மறுத்த ஒரு பையனை நாட்டுப்பற்று இல்லாதவன் என்று ஏசியவர்கள், அவன் எண்ணை அவனுக்கு எதிரான சான்றாகவே வைத்திருந்தார்கள்.

முனீர் எல் ஹத்தாதியின் சிக்கல் வேறு. மொராக்கோக் குடும்பம், ஸ்பெயினில் பிறப்பு. 2014 செப்டம்பர் 8 அன்று, 19 வயதில், மாசிடோனியாவுக்கு எதிராக ஸ்பெயினுக்கு 13 நிமிடம் ஆடினார். பிறகு ஸ்பெயின் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மொராக்கோ அழைத்தது, போக முடியவில்லை. தகுதிச்சுற்று ஆட்டத்தில் ஒருமுறை ஆடினால் ஆயுள் முழுக்க அந்நாட்டுக்கே சொந்தம் என்றது விதி. 2018 உலகக் கோப்பைக்கு முன் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய்த் தோற்றார். 2020-இல் ஃபிஃபா விதியைத் தளர்த்திய பிறகு, 2021 மார்ச்சில் மொராக்கோவுக்கு ஆடினார். ஆட வைத்தது 13 நிமிடம், கட்டி வைத்தது ஆறரை ஆண்டு. ஆட்டக்காரரை ஒரு தேசம் எவ்வளவு விரும்புகிறது என்பதற்கும் எவ்வளவு உரிமை கொண்டாடுகிறது என்பதற்கும் உள்ள தூரம் அது.

*

கதவே திறக்காதவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது. பிரெமனில் பிறந்து, ஹிட்லரின் பாராசூட் படையில் சண்டையிட்டு, போர்க் கைதியாக இங்கிலாந்து வந்து, அங்கேயே தங்கிவிட்ட பெர்ட் ட்ரவுட்மன் 1949-இல் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தபோது ஊர்வலம் நடத்தி எதிர்த்தார்கள். அவர்களே பின்னால் தலையில் தூக்கி ஆடினார்கள். சிட்டிக்காக 545 ஆட்டம். 1956 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் கழுத்தெலும்பு முறிந்த நிலையில் கடைசிவரை கோலைக் காத்தார். முறிந்தது தெரிந்ததே சில நாள் கழித்துத்தான். அவருக்கு ஜெர்மனி தந்த ஆட்டங்கள்: 0. பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் அவரைச் சந்தித்துப் பேசியிருக்கிறார். வெளிநாட்டில் ஆடுபவரை எடுப்பதில்லை என்ற வழக்கம் குறுக்கே நின்றது. அவர் இல்லாமலே 1954-இல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றதால், அந்த வழக்கத்தை யாரும் கேள்வி கேட்க வேண்டிவரவில்லை.

ஜாக் லெஸ்லியின் கதையில் வழக்கம் என்ற சாக்குகூட இல்லை. லண்டன் கானிங் டவுனில் பிறந்தவர், தந்தை ஜமைக்காக்காரர். பிளைமத் ஆர்கைலுக்கு 400 ஆட்டங்களில் 137 கோல். 1925-இல் இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகியிருப்பதாக அவருடைய மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு பட்டியலிலிருந்து அந்தப் பெயர் காணாமல் போனது. தன் தோலின் நிறம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டதுதான் காரணம் என்று லெஸ்லி கடைசிவரை சொன்னார். முதுமையில் வெஸ்ட் ஹாம் கிளப்பின் காலணி அறையில் ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைத்துவைக்கும் வேலை பார்த்தார். அவற்றில் உலகக் கோப்பை வென்றவர்களின் பூட்ஸும் அடக்கம். 1988-இல் இறந்தார். கறுப்பினத்தவர் ஒருவர் இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு ஆட 1978 வரை, விவ் ஆண்டர்சன் வரை, ஆனது. 2023-இல் கால்பந்துச் சங்கம் நாட்டுக்கு ஆடியவர்களுக்கு அடையாளமாகத் தரும் தொப்பியை லெஸ்லிக்குக் கௌரவமாக வழங்கியது; பேத்திகள் பெற்றுக்கொண்டார்கள். நல்ல காரியம்தான். 98 ஆண்டு தாமதமாக வந்த நல்ல காரியம்.

*

எண்ணைக் கொடுக்காமல் இருப்பது ஒன்று. கொடுத்த எண்ணை அழிப்பது இன்னொன்று.

1912 ஜூலை 1, ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ். முதல் சுற்றில் ஆஸ்திரியாவிடம் தோற்ற ஜெர்மனி, தோற்றவர்களுக்கான தொடரில் ஜார் கால ரஷ்யாவைச் சந்தித்தது. 16–0. அதில் பத்து கோலை அடித்தவர் கார்ல்ஸ்ரூவைச் சேர்ந்த 23 வயது காட்ஃப்ரீட் ஃபுக்ஸ். 1908-இல் டென்மார்க்கின் சோஃபுஸ் நீல்சன் பிரான்ஸுக்கு எதிராக அடித்த பத்தோடு அது உலகச் சாதனையாக 2001 வரை நீடித்தது. ஃபுக்ஸ் ஜெர்மனிக்கு ஆடியது மொத்தம் 6 ஆட்டம். அவரோடு கார்ல்ஸ்ரூ கிளப்பில் ஆடி 1910-இல் ஜெர்மன் வாகையரானவர் யூலியுஸ் ஹிர்ஷ். 7 சர்வதேச ஆட்டம். நெதர்லாந்துடன் 5–5 என்று முடிந்த 1912 ஆட்டத்தில் ஜெர்மனியின் நான்கு கோல்கள் ஹிர்ஷுடையவை. இருவரும் யூதர்கள். ஹிர்ஷ் முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டுப் பதக்கம் பெற்றவர்; அவருடைய சகோதரர் அந்தப் போரில் இறந்தார்.

1933 ஏப்ரலில் தென்ஜெர்மனியின் பெரிய கிளப்புகள் யூதர்களை நீக்குவதாகக் கூட்டாக அறிவித்தன. செய்தித்தாளில் அதைப் படித்த ஹிர்ஷ், வெளியேற்றப்படும் முன் தானே கார்ல்ஸ்ரூ கிளப்புக்கு விலகல் கடிதம் எழுதினார். 1943 மார்ச் 1 அன்று அவரை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். இறந்த நாள் யாருக்கும் தெரியாது. போருக்குப் பின் நீதிமன்றம் ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தது. ஃபுக்ஸ் தப்பித்து, ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் வழியாகக் கனடா போய், மொன்ட்ரியாலில் பெயரைச் சற்றே மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். நாஜிக் காலத்தில் வெளியான தேசிய ஆட்டக்காரர்களின் தொகுப்பில் இவர்கள் இருவரின் பெயரும் இல்லை. பத்து கோல்களும் நடந்திருந்தன. அடித்தவர்தான் இல்லாமல் போயிருந்தார்.

நாஜிகளோடு இது முடிந்திருந்தால் ஒரு கொடுங்காலத்தின் கதை என்று சொல்லி ஆறுதல் அடையலாம். முடியவில்லை. சிறுவயதில் ஃபுக்ஸின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் செப் ஹெர்பெர்கர். அதே உலகக் கோப்பைப் பயிற்சியாளர். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் தொடக்க ஆட்டத்துக்கு ஃபுக்ஸை விருந்தினராக அழைக்கும்படி ஜெர்மன் கால்பந்துச் சங்கத்துக்கு எழுதினார். சங்கம் மறுத்தது. முன்னுதாரணமாகிவிடும் என்பது கவலை. மறுப்புக் கடிதம் எழுதப்பட்டபோது ஃபுக்ஸ் மொன்ட்ரியாலில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. போர் முடிந்து 27 ஆண்டு கழித்தும், வீட்டுக்கு ஒருமுறை வந்துபோங்கள் என்று சொல்ல அந்தச் சங்கத்துக்கு வாய் வரவில்லை. 2005-இல் யூலியுஸ் ஹிர்ஷ் பெயரில் இனவெறிக்கு எதிரான பரிசை அது நிறுவியது.

6, 7 என்ற இந்த எண்களைப் பார்த்து ஃபுக்ஸையும் ஹிர்ஷையும் 'குறுகிய காலமே ஆடியவர்கள்' என்று எந்தத் துணிவில் வகைப்படுத்துவது? அவர்களுடைய ஆட்டம் குறுகியதல்ல. அவர்களை ஏற்றுக்கொள்ளும் மனம் அந்நாட்டுக்குக் குறுகியிருந்தது.

*

எல்லாச் சிறிய எண்ணுக்குப் பின்னாலும் அநீதி இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. ஜூரியெத்தி நல்ல தடுப்பாட்டக்காரர். பிரான்ஸில் அவரைவிட நல்லவர்கள் இருந்தார்கள். கெல்லிக்கும் அதுவே. விளையாட்டில் தேர்வு என்றால் விடுபடுதலும் உண்டு. காயம், வயது, பக்கத்து வீட்டில் பிறந்த ஒரு மேதை என்று ஆயிரம் காரணங்கள் நியாயமானவையே. ஆனால் 1 என்ற எண், விதியின் விளையாட்டையும் குழுவின் கோழைத்தனத்தையும் நிறவெறியையும் விமான விபத்தையும் ஒரே உருவத்தில் காட்டுகிறது. அந்த உருவத்தைப் பார்த்து ஆட்டக்காரரின் தகுதியைச் சொல்லிவிடுகிறவர், படிக்காமலே தீர்ப்பு எழுதுகிறார்.

தேசிய அணிகளைக் கொண்டாடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தன் சட்டையை யாருக்குப் போட்டுவிட்டோம் என்பதை ஒரு நாடு கல்வெட்டில் செதுக்கி வைக்கும். யாரிடமிருந்து கழற்றினோம், யாருக்குத் தர மறுத்தோம் என்பதைச் செதுக்காது. அதை வாசகர்தான் தேடிப் படிக்க வேண்டும். அடுத்த உலகக் கோப்பையின்போது, ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்களைத் திரையில் காட்டுவார்கள். பெரிய எண்களைப் பார்த்துக் கைதட்டுங்கள், தவறில்லை. சிறிய எண்ணைப் பார்த்தால் இரக்கப்படும் முன், அதை எழுதிய கை யாருடையது என்று கேளுங்கள். ஜெர்மனியின் சட்டையில் ஒரே ஆட்டத்தில் பத்து கோல் அடித்தவர் இன்றுவரை ஒருவர்தான். அவருடைய மொத்த எண் 6.